சொல்வதும் கேட்பதும்: இளங்கருவில் வேதிச் சைகைகள்

ஜெனோபஸ் என்ற தென்னாப்பிரிக்கத் தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான குறுக்களவு கொண்டது. மேல் பாதி கரும்பழுப்பு. கீழ்ப் பாதி மஞ்சள்கரு நிறைந்த வெளிர் நிறம். கருவுற்ற ஒன்றரை மணி நேரத்தில் அது முதல் தடவை பிளக்கும். பிறகு சுமார் அரை மணிக்கு ஒரு தடவையாகப் பிளந்து பிளந்து, ஏழெட்டு மணி நேரத்தில் சில ஆயிரம் செல்கள் கொண்ட உருண்டையாகிவிடும். அந்த உருண்டைக்குத் தலையும் இல்லை, முதுகும் இல்லை. தோல் எது, தசை எது என்ற பேதமும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் கழிந்து பார்த்தால் முதுகுநாண், நரம்புக் குழல், தசைக் கண்டங்கள், கண் முளைக்கும் மேடு எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். அப்படியிருக்க ஒரு செல் தோலாகவும் அதன் பக்கத்துச் செல் மூளையாகவும் மாறுவது எப்படி? ஒரு செல் சுரக்கும் புரதம் இன்னொரு செல்லின் மேலுள்ள ஏற்பியில் பற்றி, உள்ளே குறிப்பிட்ட சில மரபணுக்களை இயக்குகிறது என்பது இன்றைய பாடப்புத்தக விடை. அங்கே வந்து சேர ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. வந்து சேர்ந்த பிறகும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. சைகை எது என்று தேடிக்கொண்டிருந்த துறை, அதைக் கேட்கும் செல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியது. இரண்டில் பின்னதே கனமான கேள்வி என்பது என் முடிவு. அதற்கான காரணங்கள் இந்த வரலாற்றிலேயே கிடக்கின்றன.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் 1920களின் தொடக்கத்தில் ஹில்டே மாங்கோல்ட் தன் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனையே இதற்கெல்லாம் ஊற்று. அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஸ்பெமான். உருக்கி இழுத்துக் கூராக்கிய கண்ணாடி ஊசியும், சின்னக் குழந்தையின் தலைமுடியை வளைத்துக் கட்டிய கண்ணியும்தான் அங்கே அறுவைக் கருவிகள். நியூட் என்ற வாலுள்ள நீர்நிலவாழ்வியின் கருவில், மேற்பரப்புச் செல்கள் உள்ளே மடிந்து புகத் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு பிளவு தோன்றும். அதன் மேல் உதட்டை வெட்டி எடுத்து, இன்னொரு கருவில் வயிறாகப் போகும் பக்கத்தில் பதித்தார் ஹில்டே. துண்டைக் கொடுத்தது வெளிர் நிற நியூட் இனம். ஏற்றது நிறமி உள்ள இனம். அதனால் எந்தச் செல் யாருடையது என்பதைப் பிறகு நுண்ணோக்கியில் பிரித்துப் பார்க்க முடிந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். பெரும்பாலான கருக்கள் அழுகிச் செத்தன. பிழைத்த ஒரு சிலவற்றின் வயிற்றில் இரண்டாவதாக ஓர் உடல், நரம்புக் குழலோடும் முதுகுநாணோடும் எழுந்து நின்றது.

அதை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோதுதான் சோதனையின் முழு மதிப்பு தெரிந்தது. புதிய முதுகுநாண் பெரும்பாலும் பதித்த துண்டின் வெளிர் செல்களால் ஆனது. நரம்புக் குழலோ பெரும்பாலும் ஏற்ற கருவின் நிறமிச் செல்களால் ஆனது. வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டிய செல்கள், பக்கத்தில் வந்து உட்கார்ந்த துண்டின் பேச்சைக் கேட்டு நரம்பாகிவிட்டன. அந்த உதட்டுக்கு ‘அமைப்பான்’ என்று பெயர் வந்தது. கட்டுரை வெளிவந்த 1924ஆம் ஆண்டிலேயே, ஒரு சமையலறைத் தீவிபத்தில் ஹில்டே இறந்தார். அவருக்கு வயது 25. ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. கருவியல் படிக்கும் யாரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய பெயர் ஹில்டேயுடையது என்றே நினைக்கிறேன். அந்த ஊசியைப் பிடித்த கை அவருடையது.

அமைப்பானுக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும், அதைப் பிரித்தெடுத்துவிட்டால் போதும் என்று எல்லோரும் கிளம்பினார்கள். 1932இல் வந்த செய்தி அந்த நம்பிக்கையை வளர்த்தது: கொன்றுவிட்ட அமைப்பான் துண்டும் நரம்பைத் தூண்டியது. அப்படியானால் அது வேதிப்பொருள்தான். ஆனால் அடுத்தடுத்து வந்த முடிவுகள் குழப்பின. கருவோடு சம்பந்தமே இல்லாத வளர்ந்த விலங்குகளின் திசுக்களும் நரம்பைத் தூண்டின. கேம்பிரிட்ஜில் வாடிங்டன், நீடாம் குழுவினர் சோதித்தபோது மெத்திலின் நீலம் என்ற சாயமும் தூண்டியது. எதைத் தொட்டாலும் நரம்பு வருகிறது என்றால் எதைச் சைகை என்பது? தேடல் சோர்ந்தது. ஹைன்ஸ் டீடமான் போன்ற ஒரு சிலர் மட்டும் பல ஆண்டுகள் விடாமல் கோழிக் கருக்களிலிருந்து புரதத்தைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தலைமுறையின் தோல்விக்குச் சுத்திகரிப்பு முறைகள் போதாமை ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. நியூட் கருவின் வெளி அடுக்கான புறப்படையின் செல்கள் நரம்பாக மாற ஏற்கெனவே தயாராக இருந்தன. சின்னத் தொந்தரவு போதும். அவர்கள் ஒரு பொருளின் ஆற்றலை அளப்பதாக நினைத்து, கேட்கும் செல்லின் ஆயத்தத்தையே அளந்துகொண்டிருந்தார்கள். இது புரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

வழி வேறு பக்கத்திலிருந்து திறந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்டில் பீட்டர் நியூகூப் 1969இல் ஓர் எளிய கேள்வி கேட்டார். கருவின் உச்சித் தொப்பியைத் தனியே வளர்த்தால் தோல் போன்ற புறப்படை மட்டும் வரும். அடிப்பகுதியைத் தனியே வளர்த்தால் மஞ்சள்கரு நிறைந்த அகப்படைதான். தசை, ரத்தம், முதுகுநாண் எல்லாம் தரும் நடுப்படை இரண்டிலும் இல்லை. இரண்டையும் ஒட்டவைத்து வளர்த்தபோது நடுப்படை வந்தது. வந்தது உச்சித் தொப்பியின் செல்களிலிருந்து. ஆக, அடிப்பகுதி ஏதோ சொல்கிறது. உச்சி கேட்டு மாறுகிறது. அமைப்பானும் இப்படிப் பிறந்ததே என்பதும் தெளிவாயிற்று, ஏனென்றால் முதுகுப் பக்கத்து அடிப்பகுதி சொல்வதைக் கேட்டுத்தான் மேல் உதடு அமைப்பானாகிறது.

இந்தச் சோதனை ஆய்வகத்துக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. கருவின் உச்சியிலிருந்து ஒரு சிறு வில்லையை வெட்டி உப்புக் கரைசலில் போட்டால், அது ஓரம் சுருட்டிப் பந்தாகும். அப்படியே விட்டால் பந்தாகவே இருந்து, மேற்பரப்பில் இழைகள் முளைத்து மெதுவாகச் சுழலும். கரைசலில் சரியான புரதம் கொஞ்சம் கலந்திருந்தால் சில மணி நேரத்தில் பந்து நீளத் தொடங்கும். நடுவே இடுங்கி, இரு முனையும் விலகி இழுபடும். அந்த நீட்சியே நடுப்படை பிறந்ததற்கு அடையாளம். முதுகுநாண் செல்கள் கருவில் செய்யும் அதே அசைவு அது. பந்தா, நீட்சியா என்று பார்த்தே முடிவு சொல்லலாம்.

1987இல் இங்கிலாந்தில் ஜோனதன் ஸ்லாக் குழு, செல்களை வளர்க்கப் பயன்படும் எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி நடுப்படையைத் தூண்டுவதைக் காட்டியது. அதே ஆண்டில் ஜிம் ஸ்மித், தவளைச் செல் வரிசை ஒன்றை வளர்த்த நீர்மத்திலேயே அதைவிட வலிமையான தூண்டி இருப்பதைக் கண்டார். 1990இல் அதன் அடையாளம் தெரிந்தது: ஆக்டிவின். சினைப்பை நீர்மத்தில் ஹார்மோன் சார்ந்த வேலைக்காக முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்த புரதம். ஜப்பானில் அசாஷிமா குழுவும் அதையே வந்தடைந்தது. டீடமான் கோழிக் கருவிலிருந்து பிரித்ததும் இந்த இனத்தைச் சேர்ந்தது என்று பின்னால் தெரியவந்தது. அறுபது ஆண்டுகளாகத் தேடிய பொருள், வேறு துறையினரின் குளிர்பெட்டியில் இருந்திருக்கிறது.

ஆக்டிவினின் அளவை ஏற்ற ஏற்ற விளைவும் மாறியது. குறைந்த அளவில் தோல், கொஞ்சம் கூட்டினால் தசை, இன்னும் கூட்டினால் முதுகுநாணும் அமைப்பானும். லூயிஸ் வோல்பெர்ட் 1969இல் தாளில் எழுதி வைத்திருந்த ஒரு யோசனை கண்ணாடித் தட்டில் உயிர்பெற்றது: ஒரே பொருள், ஓரிடத்தில் அடர்ந்தும் தூரம் போகப் போக நீர்த்தும் பரவினால், ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றியுள்ள அளவைக் கொண்டே தன் இடத்தை அறியலாம். 1988இல் பழ ஈயின் முட்டையில் பைகாய்டு என்ற புரதம் தலையிலிருந்து வால் நோக்கி இப்படித்தான் சரிகிறது என்று கிறிஸ்டியானே நூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் டிரீவரும் காட்டியிருந்தார்கள்.

செல் அளவை எப்படி அளக்கிறது? கேம்பிரிட்ஜில் ஜான் கர்டனின் ஆய்வகம் 1998இல் இதை எண்ணிக்கையோடு சொன்னது. ஒரு தவளைக் கருச் செல்லின் மேல் ஆக்டிவினுக்கான ஏற்பிகள் சுமார் 5,000. அவற்றில் 100 நிரம்பினால் நடுப்படைக்குரிய பிராக்கியூரி என்ற மரபணு இயங்குகிறது. 300 நிரம்பினால் அமைப்பானுக்குரிய கூஸ்காய்டு இயங்குகிறது. தசைக்கும் அமைப்பானுக்கும் நடுவே நிற்பது இருநூறு ஏற்பிகள்தான். மிச்சமிருக்கும் ஆயிரக்கணக்கான ஏற்பிகள் காலியாகவே கிடக்கின்றன. செல் பார்ப்பது விகிதத்தை அல்ல, நிரம்பிய ஏற்பிகளின் எண்ணிக்கையை. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இதைவிடத் துல்லியமான முடிவு அரிது.

ஆனால் ஆக்டிவின்தான் கருவின் சொந்தச் சைகையா? இல்லை. 1995இல் ஆக்டிவின் மரபணுக்களை நீக்கிய சுண்டெலிகள் நடுப்படையோடு வளர்ந்து பிறக்கவே செய்தன. மாறாக, நோடல் என்ற அதன் உறவுக்காரப் புரதம் இல்லாத சுண்டெலிக் கருவில் நடுப்படையே சரியாக உருவாகவில்லை. தவளையிலும் மீனிலும் அதே கதை. நோடலும் ஆக்டிவினும் ஒரே ஏற்பி வழியைப் பயன்படுத்துவதால்தான் ஒன்றின் வேலையை மற்றது செய்துகாட்டியது. தாய் முட்டையின் அடியிலேயே செய்தியாக வைத்துவிடும் விஜி1 என்ற இன்னொரு உறவுப் புரதம் 1987 முதல் புதிராகவே இருந்தது. என்ன செய்தும் அது தனியாக வேலை செய்ய மறுத்தது. 2017இல் வரிக்குதிரை மீனில் விடை வந்தது: அது நோடலோடு ஜோடி சேர்ந்தால்தான் வெளியேறிப் பேசும். முப்பது ஆண்டுக் காத்திருப்பு.

முதுகு எந்தப் பக்கம் என்பது இதற்கெல்லாம் முன்பே, முதல் பிளவுக்கும் முன்பே, முடிவாகிவிடுகிறது. விந்தணு நுழைந்ததும் முட்டையின் புறணி உள்ளிருப்பதைவிடச் சுமார் 30 பாகை சுழல்கிறது. அடியில் இருந்த பொருள்கள் விந்தணு நுழைந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து, அங்கே விண்ட் என்ற சைகையின் வழியை இயக்குகின்றன. புற ஊதாக் கதிர் காட்டி இந்தச் சுழற்சியைத் தடுத்தால் முதுகே இல்லாமல், வயிறு மட்டும் உள்ள கருத்துண்டு வரும். லித்தியம் உப்பில் நனைத்தால் அதை மீட்கலாம். அளவு மிஞ்சினால் கரு முழுக்கத் தலையாகிவிடும். மனநோய்க்குக் கொடுக்கும் அதே லித்தியம். விண்ட் வழியை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அது முடக்குகிறது என்பது 1996இல் தெரிந்தது.

இனி அமைப்பானுக்கே வருவோம். 1992இல் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் ஹார்லாண்டின் ஆய்வகம் நாகின் என்ற புரதத்தையும், 1994இல் எட்வர்டோ டி ரோபர்டிஸின் ஆய்வகம் கார்டின் என்ற புரதத்தையும் அமைப்பானில் கண்டன. நரம்பைத் தூண்டும் பொருள் கிடைத்துவிட்டது என்று கொண்டாடலாம். ஆனால் அவற்றின் வேலை 1996இல் வெளியானபோது பழைய எதிர்பார்ப்பு தலைகீழானது. அவை எந்த ஏற்பியையும் தொடுவதில்லை. எந்தச் செல்லிடமும் எதுவும் சொல்வதில்லை. பிஎம்பி என்ற இன்னொரு சைகைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பேசவிடாமல் தடுக்கின்றன. அவ்வளவுதான்.

பிஎம்பி என்பது மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1965இல் எலும்புத் தூளிலிருந்து ஊகித்த பொருள். தசைக்குள் பதித்த எலும்புத் துண்டு அங்கே புது எலும்பை வளர்த்தது. இளங்கருவில் அதே புரதம் எங்கும் பரவி, புறப்படையிடம் ‘தோலாகு’ என்கிறது. அமைப்பான் இருக்கும் பக்கத்தில் மட்டும் அந்தக் குரல் அடங்குகிறது. அடங்கிய இடத்தில் செல்கள் நரம்பாகின்றன. அதாவது நரம்பாவதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தோலாவதற்குத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு முன்னறிகுறி 1989இலேயே இருந்தது. புறப்படைத் துண்டைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்து, சில மணி நேரம் நீர்மத்தில் மிதக்கவிட்டு, மறுபடி சேர்த்தால் நரம்பு வந்தது. எந்தத் தூண்டியும் சேர்க்கவில்லை. செல்கள் சிதறியிருந்தபோது அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த பிஎம்பி நீர்த்துப் போயிருக்கிறது. 1930களில் சாயமும் செத்த திசுவும் நரம்பைத் தந்ததன் மர்மமும் இங்கே அவிழ்கிறது: தடையைத் தளர்த்தும் எதுவும் நரம்பைத் தரும். கோழிக் கருவில் இந்த விளக்கம் அப்படியே பொருந்தவில்லை. அங்கே இன்னும் முன்பே எஃப்ஜிஎஃப் சைகையும் வந்திருக்க வேண்டும் என்று கிளாடியோ ஸ்டெர்ன் போன்றோர் காட்டினார்கள். நியாயமான திருத்தம். ஆனாலும் மையக் கருத்தை அது அசைக்கவில்லை.

இதே ஏற்பாடு பழ ஈயில் தலைகீழாக இருக்கிறது: பிஎம்பிக்கு இணையான புரதம் முதுகுப் பக்கம். அதைத் தடுக்கும் புரதமும் நரம்பும் வயிற்றுப் பக்கம். பூச்சியின் வயிறுதான் முதுகெலும்பியின் முதுகு என்று பிரெஞ்சு உயிரியலாளர் ஜியோஃப்ராய் செயிண்ட்-ஹிலேர் 1822இல் சொன்னபோது அது வெறும் கற்பனை என்று ஒதுக்கப்பட்டது. 1990களின் மூலக்கூறுகள் அவர் பக்கம் நின்றன.

இந்தச் சைகைக் குடும்பங்களை எண்ணினால் இரு கைகளின் விரல்களுக்குள் அடங்கிவிடும்: நோடலும் பிஎம்பியும் சேர்ந்த குடும்பம், எஃப்ஜிஎஃப், விண்ட், ஹெட்ஜ்ஹாக், நாட்ச், ரெட்டினாயிக் அமிலம், இன்னும் ஓரிரண்டு. இவ்வளவு கொஞ்சச் சொற்களால் இத்தனை உறுப்புகளை எப்படிக் கட்ட முடிகிறது? ஒரே மணியோசை பள்ளிக்கூடத்தில் கேட்டால் பிள்ளைகள் பையைத் தூக்குகிறார்கள், கோயிலில் கேட்டால் கை கூப்புகிறார்கள். பிஎம்பி இளங்கருவில் தோலைத் தருகிறது. சில நாள் கழித்து விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வுச் செல்களைச் சாகச் சொல்லி விரல்களைப் பிரிக்கிறது. வாத்தின் காலில் கிரெம்லின் என்ற தடுப்புப் புரதம் அதை மறிப்பதால் சவ்வு தங்கிவிடுகிறது. அதற்கும் பிறகு அதுவே எலும்பை வளர்க்கிறது. செல்லின் வயதும் முன்கதையும் அர்த்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஆக்டிவினுக்கு நடுப்படையாகும் அதே தவளைச் செல், சில மணி நேரம் கடந்துவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் அசையாது.

சைகை செல்லிலிருந்து செல்லுக்குப் போகும் விதத்தில் இன்னும் வழக்கு நடக்கிறது. வெறும் பரவல்தான் என்பார் சிலர். செல்கள் நீட்டும் மெல்லிய இழைகள் வழியே கைமாறுகிறது என்று 1999 முதல் பழ ஈயில் காட்டிவருபவர்கள் உண்டு. நோடலைத் தடுக்கும் லெஃப்டி என்ற புரதம் நோடலைவிட வேகமாகப் பரவுவதை 2012இல் மீன் கருவில் அளந்தார்கள். கருவில் வடிவங்கள் தாமாகத் தோன்ற ஆலன் டியூரிங் 1952இல் கேட்ட நிபந்தனைகளில் ஒன்று அது. எல்லாத் திசுவுக்கும் ஒரே வழி என்று எதிர்பார்ப்பதே தவறு என்று தோன்றுகிறது.

பயன் இல்லாத ஆராய்ச்சி என்று இதை யாரும் ஒதுக்க முடியாது. மனிதக் குருத்தணுக்களுக்கு ஆக்டிவினை அதிக அளவில் கொடுத்து அகப்படையாக்கும் முறை 2005இல் வந்தது. அங்கிருந்து படிப்படியாக இன்சுலின் சுரக்கும் செல்கள் வரை போனார்கள். அவை நோயாளிகளிடம் சோதிக்கப்படும் கட்டத்தை எட்டிவிட்டன. 2018இல் விண்ட், ஆக்டிவின் இரண்டும் கொடுத்து வளர்த்த மனிதச் செல்களைக் கோழிக் கருவில் பதித்தபோது, அங்கே இரண்டாவது உடல் அச்சு எழுந்தது. ஹில்டேயின் சோதனை மனிதச் செல்லில் திரும்ப நடந்தது.

சைகை தவறினால் என்ன ஆகும் என்பதை ஆடுகள் காட்டின. அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் 1950களில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்தன. சினையான 14ஆம் நாளையொட்டி தாய் ஆடு மேய்ந்த வெராட்ரம் என்ற செடிதான் காரணம். அதிலுள்ள சைக்ளோபமைன், ஹெட்ஜ்ஹாக் சைகையை மறிக்கிறது. கண் தோன்றும் களம் முதலில் ஒன்றே. நடுக்கோட்டிலிருந்து வரும் அந்தச் சைகைதான் அதை இரண்டாகப் பிரிக்கிறது. அதே வழியை மறிக்கும் மருந்து ஒன்று 2012 முதல் ஒருவகைத் தோல் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. வளர்ந்தவருக்கு மருந்து, கருவுக்கு நஞ்சு.

ரெட்டினாயிக் அமிலம் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. உடல் அதை வைட்டமின் ஏயிலிருந்து செய்கிறது. குறைந்தாலும் கேடு: 1933இல் டெக்சாஸில் வைட்டமின் ஏ இல்லாத தீனி தின்ற பன்றி ஈன்ற குட்டிகளுக்குக் கண்ணே இல்லை. கூடினாலும் கேடு: கடுமையான முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் மாத்திரை இந்த அமிலத்தின் ஒரு வடிவம், கர்ப்பிணி உட்கொண்டால் கருவின் காது, முகம், இதயம், மூளை கெடலாம். மனிதக் கருவில் மூன்று அடுக்குகளும் பிரிவது மூன்றாவது வாரத்தில். மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போய்ச் சோதித்துப் பார்க்கும் நாளில் கருவுக்கு வயது நான்கு வாரம்; நரம்புக் குழல் மூடியாகிவிட்டது, முதல் சைகைகள் எல்லாம் பேசி முடித்துவிட்டன. ஆகவே இந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதை விட்டு ஒரு மாதமாவது கழியாமல் கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்கும்போதே சாப்பிடும் எல்லா மருந்துகளையும், வைட்டமின் ஏ மாத்திரை உட்பட, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு சொல்வது தாமதம்.